கூட யார் வந்திருக்காங்க?

மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று எங்கள் வாய்க்கால் ஓரத்து வீட்டு வரிசைக்கு ஆட்கள் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் பலகை அளவுக்கு ஒரு போன். வரிசையை இடித்துச் சாலை போடப் போகிறார்கள், எங்களுக்கு அடுக்குமாடியில் வீடு தரப் போகிறார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். ஒவ்வொரு கதவிலும் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டே வந்தார்கள். சீட்டு விழுந்த கதவுக்கு வீடு உண்டு என்று அர்த்தம். பக்கத்து வீட்டு முட்டைக்காரிக்கு ஒட்டினார்கள். அடுத்து என் வீடு. போனைப் பார்த்தார்கள், கதவைப் பார்த்தார்கள், சிவப்புப் பெயின்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கீழே 'காலி' என்று எழுதிவிட்டு நகர்ந்தார்கள். நான் வாசலிலேயே நிற்கிறேன்!

ஓடிப்போய் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பல் தெரியப் பேசுகிறவன், அதனால் வாயசைவைப் படிக்க முடிந்தது. "நீங்கதான் உங்க தம்பி குடும்பத்தோட சேர்ந்துட்டீங்களேம்மா. போன்ல நீங்களே சம்மதம் சொல்லியிருக்கீங்க" என்றான்.

போனில் நானா! பத்து வயதில் காய்ச்சலோடு காதும் போனதிலிருந்து ஒரு போனையும் நான் காதில் வைத்ததில்லை. வைத்தால் கன்னம் சுடும், அவ்வளவுதான்.

இந்தத் திட்டத்துக்குப் பெயர் பதிந்தபோது ஒரு போன் நம்பர் கேட்டார்கள். தகவல் எல்லாம் பேச்சாகத்தான் வரும், எழுத்தாக வராது என்றார்கள். அதனால்தான் உன் நம்பரைக் கொடுத்தேன். வருகிற தகவலை எனக்கு எழுதிப் போடுவாய் என்று நம்பினேன். எனக்குப் பதிலாக நீ சம்மதம் சொல்லுவாய் என்று நினைக்கவில்லை.

என்ன செய்தாய்? சுற்றி வளைக்காமல் எழுது.

அக்கா

~

மார்ச் 11

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. கோபப்படுவாய் என்று தெரியும். இவ்வளவு கோபப்படுவாய் என்று தெரியாது.

நடந்தது இதுதான். குழைந்து குழைந்து பேசுகிற ஒரு பெண் குரல் போனில் வந்தது. மனுஷி இல்லை, மெஷின். 'நீங்கள் தனிக் குடும்பமாகத் தொடர விரும்பினால் ஒன்றை அழுத்தவும். உறவினர் குடும்பத்தோடு இணைய விரும்பினால் இரண்டை அழுத்தவும்' என்றது. நான் ஒரு மளிகைக் கடையில் பழுதுபார்க்கத் தராசைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையெல்லாம் எண்ணெய். கடைக்காரர் தலைக்கு மேல் நின்று அவசரப்படுத்துகிறார். அந்த நேரத்தில்...

இல்லை அக்கா. அவசரத்தில் அழுத்திவிட்டேன் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். உனக்குப் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்கு அழுத்தாமல் வைத்துவிட்டேன். அது மறுநாளும் கூப்பிட்டது, அதற்கு மறுநாளும் கூப்பிட்டது. நன்றாக யோசித்துத்தான் இரண்டை அழுத்தினேன்.

உனக்கும் வயசாகிறது. முட்டி வலிக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரித் துணியெல்லாம் துவைக்கிற அந்தச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளைத் தூக்கிப் போட்டு இன்னும் எத்தனை நாள் ஓட்டுவாய்? இங்கே இரண்டு அறை இருக்கிறது. என் பொண்டாட்டி தவறிப்போனதிலிருந்து ஒரு அறையைத் திறப்பதே இல்லை. சாயங்காலம் வந்து விளக்கைப் போட்டால் காலையில் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கிறது. அதை யாராவது நகர்த்தி வைத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும்.

உன் நல்லதுக்குத்தான் செய்தேன். வந்துவிடேன்.

தம்பி

~

மார்ச் 17

தம்பிக்கு,

டம்ளரை நகர்த்த ஆள் வேண்டுமென்றால் ஒரு பூனையை வளர்த்துக்கொள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதினதை அடித்துத் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும். அவள் போனது எனக்கும் துக்கம்தான். என்னோடு பேசும்போது முகத்தைத் திருப்பாமல் பேசுகிறவள் நம் குடும்பத்தில் அவள் ஒருத்திதான். நீகூட பாதிப் பேச்சில் சுவரைப் பார்ப்பாய். ஆனால் உன் துக்கத்துக்கு என் வீட்டை எதற்கு எடுத்தாய்?

இது ஓர் அறை. மழைக்கு ஒழுகுகிறது. வாய்க்கால் நாற்றம் துணியில் ஏறுகிறது. எல்லாம் சரி. ஆனால் இதன் வாடகைச் சீட்டில் இருப்பது என் பெயர். அப்பா வீட்டில் நான் 'அந்தப் பொண்ணு'. பள்ளிக்கூட ஹாஸ்டலில் ஒரு நம்பர். சலவைக்கூடத்தில் 'ஊமை'. நான் ஊமை இல்லை என்று சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். பெயர் சொல்லி எனக்கென்று எழுதப்பட்டது இந்த வீடு ஒன்றுதான். புது வீடும் அப்படித்தான் வர வேண்டும். உன் வீட்டில் நான் எவ்வளவு சுகமாக இருந்தாலும் 'தம்பி வீட்டில் இருக்கிறவள்'தான்.

இன்னொன்று. முட்டைக்காரி போனுக்கு நீ செய்தி அனுப்பியிருக்கிறாய். 'அக்காகிட்ட கோவப்பட வேண்டாம்னு சொல்லுங்க' என்று. அவளுக்கு எழுத்துத் தெரியாது. எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்துப் படித்திருக்கிறாள். அவன் குரலெடுத்துப் படித்ததில் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது. இனிமேல் கடிதம் மட்டும் எழுது. என் சண்டை என் வீட்டுக்குள் இருக்கட்டும்.

சேவை மையத்துக்குப் போனேன். போனதும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, "கூட யார் வந்திருக்காங்க?" யாருமில்லை என்று தலையாட்டினேன். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து மறுபடி கேட்டாள். சாவி கொடுத்த பொம்மை தானாக நடந்து வந்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

குறையைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். தாள் வாங்க மாட்டார்களாம். ஒரு மைக் இருக்கிறது, அதில் பேசினால் மெஷினே எழுதிக்கொள்ளுமாம். படிக்கத் தெரியாதவர்கள் யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்று செய்த ஏற்பாடாம். நல்ல ஏற்பாடுதான், இல்லை என்று சொல்லவில்லை. முட்டைக்காரி அதில் பேசித்தான் தன் வீட்டை வாங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக யார் காலிலும் விழாமல் ஒரு காரியம் முடிந்தது என்று பூரித்துப்போனாள். எழுத்து இல்லாதவளை நினைத்தவர்களுக்குக் குரல் இல்லாதவள் நினைவுக்கு வரவில்லை.

சரி என்று மைக்கில் பேசினேன். என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்கிறவர்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வரிசையில் நின்ற இருவர் திரும்பிக்கொண்டார்கள், தோள் குலுங்கியது. திரையில் மெஷின் எழுதியதைப் பார்த்தேன். 'வாழத் தனி வீடு வேண்டும்' என்று நான் சொன்னதை 'வாழைத் தண்டவாளம் வேண்டும்' என்று எழுதியிருந்தது.

கடைசியில் அந்தப் பெண்ணே இரக்கப்பட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாள். நான் இப்போது உன் குடும்பத்து உறுப்பினராம். நீ குடும்பத் தலைவராம். தலைவர் தன் போனிலிருந்து என்னை விடுவித்தால்தான் நான் மறுபடி தனி ஆளாம்.

ஆக, தலைவரே, என்னை விடுவியுங்கள்.

அக்கா

~

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. சந்தைப் பக்கம் தராசுகளுக்கு அரசாங்க முத்திரை போடுகிற மாதம். அலைச்சல்.

அந்த எண்ணைக் கூப்பிட்டேன். அதே குரல்தான். குடும்பத்திலிருந்து உறுப்பினரை நீக்க நான்கை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். நீக்கக் காரணம் கேட்டது. திருமணம் என்றால் ஒன்று. மரணம் என்றால் இரண்டு. வெளிநாடு சென்றால் மூன்று. அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து சொன்னது. 'தனியாக இருக்க ஆசைப்படுகிறாள்' என்பதற்கு நம்பர் இல்லை. மனுஷ ஆள் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் ஒன்பது. ஒன்பதை அழுத்தினால் பாட்டு ஓடுகிறது. ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே போனேன். கடைசியில் எனக்கே வாய்க்கு வந்துவிட்டது.

அழுத்த எதுவும் இல்லாததால் வைத்துவிட்டேன்.

நான் என்ன செய்யட்டும் அக்கா? ஒரு பெண் தனியாக வாழ நினைப்பாள் என்பதே அதற்குத் தெரியாதோ என்னவோ. எனக்கும் புரியவில்லை, அதுதான் உண்மை. இங்கே ஜன்னலோரம் உன் கட்டிலைப் போடலாம். வெயில் வரும். எதிரில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், சத்தம் உனக்குத் தொந்தரவு இல்லை. கிண்டல் செய்யவில்லை. நீயே சலவைக்கூடத்து மெஷின் சத்தத்தைப் பற்றி இப்படித்தானே எழுதுவாய், 'எல்லோரும் கத்திச் சாகிறார்கள், நான் ஒருத்திதான் நிம்மதியாக இருக்கிறேன்' என்று.

ஒரு மாதம் வந்து இருந்து பார். பிடிக்காவிட்டால் அப்புறம் பேசலாம்.

தம்பி

~

ஏப்ரல் 8

தம்பிக்கு,

ஒரு மாதத்தில் இங்கே வீடே இருக்காது. வரிசையின் அந்தக் கோடியில் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தரை அதிர்வது பாதத்தில் தெரிகிறது. தட்டு அலமாரியில் நடுங்குகிறது. இடிக்கிற வண்டி என் கதவுக்கு வருவதற்குள் பட்டியலில் நான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தெருதான். தெருவுக்குப் போனாலும் உன் வீட்டுக்கு வர மாட்டேன், என் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

மூன்று காரணம்தானே கேட்கிறது? ஒன்றை அழுத்து. கல்யாணம். ஐம்பத்தொரு வயதில் எனக்குக் கல்யாணம் செய்துவைக்க ஒரு மெஷினாவது முன்வந்திருக்கிறதே. அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

சாவு என்று மட்டும் அழுத்திவிடாதே. அப்புறம் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க அந்த மைக்கில்தான் பேசச் சொல்வார்கள்.

வேடிக்கையாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. உனக்கு மனசில்லை, அதனால் கை வரவில்லை. நம்பர் இல்லாதது உனக்கு வசதியாகப் போய்விட்டது. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கெஞ்சிக் கேட்டதில்லை. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். என்னை விட்டுவிடு.

அக்கா

~

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

அழுத்திவிட்டேன்.

'என்னை விட்டுவிடு' என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நீ சொன்னது சரிதான். எனக்கு மனசில்லை.

ஆனால் ஒரு குளறுபடி ஆகிவிட்டது. ஒன்றை அழுத்தினதும் 'வாழ்த்துகள்' என்றது. சத்தியமாக. அப்புறம், 'கணவரின் பெயரை உரக்கச் சொல்லவும்' என்றது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏதாவது ஒரு பேரைச் சொல்லலாம் என்றால் ஊரில் இருக்கிற எவன் பேராவது வந்து தொலைத்து, நாளைக்கு அவன் உன் வீட்டில் பங்கு கேட்டு நிற்பான். 'உங்கள் குரல் கேட்கவில்லை, மீண்டும் சொல்லவும்' என்று வேறு விரட்டுகிறது. பதறிப்போய் உன் பேரையே சொல்லிவிட்டேன்.

மெஷின் ஒன்றும் கேட்கவில்லை. திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தது. உன் பேர், கணவர் உன் பேர். சரியென்றால் ஒன்று. அழுத்தினேன். அவ்வளவுதான், நீ தனிக் குடும்பம். உன் புருஷன் நீயே.

இனி என் வீட்டுப் பட்டியலில் நான் ஒருவன்தான். அதையும் அந்தக் குரல் கடைசியில் சொன்னது. 'உங்கள் குடும்பத்தில் உள்ள நபர்கள்: ஒன்று.' ஒரு தடவை சொன்னால் போதாதா, இரண்டு தடவை சொன்னது.

விசாரணைக்கு உன்னைக் கூப்பிடுவார்களாம். நான் கூட வரட்டுமா? பேசுவதற்கு.

தம்பி

~

மே 2

தம்பிக்கு,

வர வேண்டாம் என்று எழுத நேரமில்லாமல் போய்விட்டது. நல்லவேளை, நீ வரவில்லை.

விசாரணை முடிந்தது. அதே சேவை மையம், ஒரு சின்ன அறை, எதிரில் திரை. திரைக்குள் ஓர் அதிகாரி. எங்கோ இருக்கிறார். அறைக்குள் விட்ட ஆள் கேட்ட கேள்வி உனக்கே தெரியும். கூட யார் வந்திருக்காங்க? இந்தத் தடவை, என் புருஷன் வந்திருக்கிறார் என்று என்னையே தொட்டுக் காட்டினேன். அவனுக்கு விளங்கவில்லை.

அதிகாரி பேசினார். படம் விட்டு விட்டு வந்தது. உதடு பாதியில் நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்து வேறு எங்கோ இருக்கும். நிற்கிற உதட்டை எப்படிப் படிப்பது? கேட்காது என்று காதைக் காட்டினேன். அவர் இன்னும் பெரிதாக வாயைத் திறந்தார், கத்துகிறார் போலிருக்கிறது. அந்த அறையில் இருந்தவன் காதைப் பொத்திக்கொண்டான்.

நான் தயாராகப் போயிருந்தேன். சலவைக்கூடத்தில் பழைய போர்வை கிழித்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பெரிய வெள்ளைத் துண்டை எடுத்து, நீலப் பெயின்டில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். 'எனக்குக் காது கேட்காது. எழுதிக் கேளுங்கள். எழுதிப் பதில் சொல்லுவேன்.' இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். கட்சி ஊர்வலம் மாதிரி இருந்திருக்கும். பிடித்தது பிடித்தபடி நின்றேன். கை கடுத்தது.

அவர் குனிந்தார். ஒரு தாளை எடுத்து எழுதினார். அந்தத் தாளைத் திரைக்கு முன்னால் காட்டினார். 'கணவர் எங்கே?'

கையோடு கொண்டுபோன பெயின்டில் போர்வையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். 'நானேதான்.'

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தாரா, படம் நின்றுவிட்டதா தெரியவில்லை. அப்புறம் எழுதினார். 'இதைத் திருத்தினால் விண்ணப்பம் முதலிலிருந்து தொடங்கும். மாதக்கணக்கில் ஆகும். அப்படியே விட்டுவிடட்டுமா?'

விட்டுவிடுங்கள் என்று எழுதினேன். இடிக்கிற வண்டி முட்டைக்காரி வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி நிற்கிறது. வேறென்ன சொல்ல?

சாயங்காலம் வந்து என் கதவில் சீட்டு ஒட்டினார்கள். சிவப்புப் பெருக்கல் குறி மேலேயே ஒட்டிவிட்டான். அதில் என் பெயர் இருந்தது, எழுத்துப் பிழையில்லாமல். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உனக்கு நன்றி. நீ செய்ததை மன்னித்தேனா என்று கேட்காதே, இப்போதைக்கு நன்றி மட்டும்.

அக்கா

~

மே 10

அக்காவுக்கு,

சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம். திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, போர்வை பிடித்த கதையை ஒரு கடைக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், நான் தராசைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

இங்கே வெயில். உன் கட்டில் போடலாம் என்று பார்த்த இடத்தில் பழைய தராசுகளை அடுக்கியிருக்கிறேன்.

புது வீட்டு முகவரி எழுது.

தம்பி

~

ஜூலை 6

தம்பிக்கு,

முகவரியைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஏழாவது மாடி.

வீடு நன்றாக இருக்கிறது. தரை வழவழப்பு, குழாயில் தண்ணீர், ஒழுகல் இல்லை. சமையல் மேடை என் இடுப்பு உயரத்துக்குச் சரியாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் வானம்தான். முதல் நாள் முழுக்கக் கதவைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தேன். சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். நீ வருத்தப்படுவாய், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் வரிசையில் தனியாக இருந்த பெண்களை எல்லாம் ஒன்றாக முதல் கட்டடத்தில், தரைத்தளத்தில் போட்டிருக்கிறார்கள். முட்டைக்காரி அங்கேதான். கணவன் மனைவியாகப் பதிந்தவர்களுக்குப் பின்னால் இருக்கிற உயரக் கட்டடம். மெஷின் பிரித்த பிரிப்பு. நான் கல்யாணம் ஆனவள். அதனால் இங்கே.

இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு மைதானம் அளவுக்கு மண் மேடு, இன்னும் வேலை நடக்கிறது. முட்டைக்காரி ஒரு தடவை வந்தாள். லிப்ட் ஓடவில்லை. ஏழு மாடி ஏறி வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கவே அவளுக்கு நேரம் சரியாகப் போய்விட்டது. அப்புறம் வரவில்லை, குறை சொல்ல முடியாது. நான் வேலை விட்டு வருகிற நேரம் அவள் முட்டை விற்கப் போய்விடுகிறாள்.

மாற்றிக் கேட்கலாம் என்று நீ சொல்லுவாய். கேட்டால் விண்ணப்பம் முதலிலிருந்து. மறுபடி உன் போன், உன் குரல். வேண்டாம், இருந்துவிட்டுப் போகிறேன்.

அக்கா

~

ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால் தாழ்ப்பாளில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஆரஞ்சுப் பழம், முட்டி வலித் தைலம், பன் பொட்டலம். பையின் வாயைக் கட்டியிருந்த முடிச்சு, எடைக்கல்லுக்குக் கயிறு கட்டுகிற உன் முடிச்சு. அதை அவிழ்ப்பதற்குள் நகம் போய்விட்டது.

இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறாய். ஏழு மாடி ஏறியிருக்கிறாய். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன். அக்கா முகத்தைப் பார்க்காமல் போகும்படி உனக்கு அப்படி என்ன கோபம்? கோபப்பட வேண்டியவள் நானல்லவா?

பழம் இனிப்பாகத்தான் இருக்கிறது. தின்ன மனம் வரவில்லை.

அக்கா

~

ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

கோபம் எதுவும் இல்லை. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மணியை அடித்தேன். அடித்த பிறகுதான் என் புத்திக்கு உறைத்தது. யாருக்கு மணி அடிக்கிறோம் என்று. கதவைத் தட்டினேன், அதிர்வு தெரியுமோ என்று பலமாகவே தட்டினேன். இரும்புக் கதவு, அசையக்கூட இல்லை. சீட்டு எழுதி அடியில் தள்ளலாம் என்றால் கதவுக்கும் தரைக்கும் நடுவில் ரப்பர் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

நான் தட்டின சத்தத்துக்கு எதிர்வீட்டு அம்மா வந்தார். "யாரு வேணும்? அந்த வீட்டுல புருஷன் பொண்டாட்டி இருக்காங்க. ரெண்டு பேருமே யார்கிட்டயும் பேச மாட்டாங்க. மணி அடிச்சா திறக்கவும் மாட்டாங்க. ரொம்பத் திமிர்" என்றார். கீழே பலகையில் இரண்டு பேர் என்று போட்டிருக்கிறதாம். உன் புருஷனை இதுவரை பார்த்ததே இல்லையாம். உனக்குக் காது கேட்காது என்பது அங்கே யாருக்குமே தெரியாதா அக்கா? நான் சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றிச் சொல்லி ஒரு தடவை பட்டது போதும் என்று இருந்துவிட்டேன்.

அந்த அம்மா உள்ளே போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நீ எப்படியும் குப்பை கொட்டவாவது கதவைத் திறப்பாய் என்று நினைத்தேன். அப்போதுதான் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. உன் குரல்.

நான் அதைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. வீட்டில் எங்கள் எதிரில் நீ வாயைத் திறப்பதே இல்லை. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய். முதலில் புரியவில்லை. யாரையோ கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். கொஞ்சம் கேட்ட பிறகுதான் தெரிந்தது, உன் பேரைச் சொல்லுகிறாய். சொல்லி நிறுத்தி, வேறு மாதிரி சொல்லி, மறுபடி முதலிலிருந்து சொல்லுகிறாய். அந்தத் திட்டத்தில் வருஷா வருஷம் வீடு வாங்கினவர் மைக்கில் தன் பேர் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்று எங்கோ படித்தேன். அதற்குத்தானே பழகிக்கொண்டிருந்தாய்?

உன்னை ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம், வந்துவிடு என்று கடைசியாகச் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் வந்தேன். அதைக் கேட்ட பிறகு உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? பையை மாட்டிவிட்டுப் படியிறங்கிவிட்டேன். மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது.

தம்பி

~

ஆகஸ்ட் 31

தம்பிக்கு,

படித்துவிட்டு வெட்கமாகப் போய்விட்டது. அவ்வளவு சத்தமாகவா பேசுகிறேன்? மூன்றாவது மாடி வரைக்குமா? எதிர்வீட்டு அம்மா இனி திமிர் என்று சொல்ல மாட்டாள், பைத்தியம் என்பாள். இரண்டுக்கும் சேர்த்து நானே போய் அவளிடம் எழுதிக் காட்டிவிட்டேன். ஒரு தாளில், எனக்குக் காது கேட்காது, என் புருஷனுக்கும் கேட்காது என்று. அவள் என்னவோ நிறையச் சொன்னாள். வேகமாகப் பேசுகிறவள், பாதி புரியவில்லை. கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீ நினைத்தது சரி. ஜனவரியில் மைக்கில் பேர் சொல்ல வேண்டும். மெஷினுக்குப் புரியாவிட்டால் என்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சேவை மையத்துப் பெண்ணைக் கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம், கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்தாள். கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை. அதற்குத்தான் தினமும் சொல்லிப் பார்க்கிறேன். தொண்டையில் விரல் வைத்து, அதிர்வு ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன். சரியாகத்தான் சொல்கிறேனா என்று கேட்டுச் சொல்ல இங்கே ஆள் இல்லை.

ஒன்று கேட்கிறேன், என் மனசு நோகும் என்று பார்க்காமல் பதில் எழுது. என் பெயர் என்று உனக்கு எப்போது புரிந்தது? என் தம்பி என்பதால் புரிந்ததா, இல்லை, யார் கேட்டாலும் புரியுமா?

எழுத்தில் வேண்டாம். நேரில் வா. உன் எதிரில் சொல்கிறேன், நீ சுவரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துச் சொல். எங்கே தப்பு என்று சொல்லிக் கொடு. மெஷினிடம் எனக்குப் பதிலாக நீ பேச வேண்டாம், என்னைப் பேசவைத்துவிட்டுப் போ.

வருகிற தேதியை எழுது. அன்றைக்கு வேலைக்குப் போக மாட்டேன். காலையிலிருந்தே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

அக்கா